மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு: மீட்ட கிளியை வீட்டில் சேர்த்த கதையும் முறையும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீசும் காற்றில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. கிளி வந்து விழுந்திருக்கிறது.

பக்கத்துத் தென்னந்தோப்பில் கள் இறக்கும் தம்பி அதைத் தோர்த்தில் சுருட்டி எடுத்து வந்தார். "காக்கா ரெண்டு சேந்து கொத்திட்டிருந்துச்சுக்கா. நம்ம பச்சைக்கிளி மாதிரி இல்ல, என்னமோ சாம்பலா இருக்குது. நீங்கதான் நாள் பூரா வீட்ல இருக்கீங்க, பாத்துக்கங்க" என்று மிஷின் பலகை மேல் வைத்துவிட்டு அடுத்த மரம் ஏறப் போய்விட்டார். எனக்குத் தைக்கத் தெரியும், இரண்டு கன்றுக்குட்டி வளர்த்திருக்கிறேன். கிளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. துண்டைத் திறந்தால் தலையில் கொண்டை, கன்னத்தில் மங்கலாக ஆரஞ்சு வட்டம், பாம்பு மாதிரி ஒரு சீறல். பயந்து கையை எடுத்தது நான்தான்.

அது காக்டெயில். பேரைக் கேட்டதும் வீட்டுக்காரர் சிரித்தார், சித்தூர்த் தாலூகாவில் கள்ளுக்குத் துணையாக இது வேறயா என்று. ஆஸ்திரேலியாக் கிளி. இங்கே கூண்டிலேயே பொரித்துக் கடையில் விற்கிறார்கள். யாரோ வளர்த்தது பறந்து வந்திருக்க வேண்டும், அல்லது வேண்டாமென்று விட்டிருக்க வேண்டும். ஒரு பக்க இறகை மட்டும் கத்தரித்திருந்தார்கள். அதனால் நேராகப் பறக்க வராமல் சாய்ந்து சாய்ந்து விழுந்திருக்கிறது. பிளவுஸ் துணியைக் கூட நான் அப்படிக் கோணலாக வெட்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று வரலாம். எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போனவற்றை எழுதுகிறேன்.

கூண்டு வாங்கும் முன்னால்

முதலில் அது என்ன கிளி என்று பாருங்கள். கழுத்தில் வளையம் போட்ட நம்ம பச்சைக்கிளி, பெரிய கிளி, ஊதாத்தலைக் கிளி என்று நம் நாட்டுக் கிளி எதுவானாலும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கிளி ஜோசியக்காரருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். குஞ்சு மரத்திலிருந்து விழுந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படையுங்கள். பாசமாக வளர்த்தாலும் குற்றம் குற்றம்தான். மனிதன் கையில் வளர்ந்த பச்சைக்கிளி பிறகு கூட்டத்தில் சேர்ந்து பிழைப்பதும் கஷ்டம்.

வெளிநாட்டுக் கிளியிலும் எல்லாம் ஒன்றல்ல. சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காக்டெயிலும், நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சின்னக் கிளியான பட்ஜெரிகரும் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்து, யாராவது தேடுகிறார்களா என்று விசாரியுங்கள். டீக்கடை, பால் சொசைட்டி, சர்ச் வாசல், ஊர் வாட்ஸாப் குழு என்று இரண்டு வாரம் சொல்லி வைத்தேன். படம் மட்டும் போடாதீர்கள். போட்டால் "என்னுதுதான்" என்று நாலு பேர் வருவார்கள். ஒரு அடையாளத்தைச் சொல்லாமல் மறைத்து வைத்துக்கொண்டு, வருபவர்களிடம் அதைக் கேளுங்கள். எந்தப் பக்க இறகு வெட்டியிருக்கிறது என்று நான் கேட்டேன். வந்தவர் ஒருவர்தான். "ரெண்டு பக்கமும்" என்றார். சரி, டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினேன்.

முதல் நாள் இரவு

வந்தவுடன் தண்ணீரை வாயில் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போனால் அதோடு சரி. பாலும் வேண்டாம், சோறும் வேண்டாம். செய்ய வேண்டியது மூன்றுதான்: கதகதப்பு, இருட்டு, அமைதி. பக்கத்தில் ஓட்டை போட்ட ஓர் அட்டைப்பெட்டி, அடியில் நூல் பிரியாத பழைய பருத்தித் துணி. பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக மட்டும் 40 வாட் குண்டு பல்பு, அட்டையில் படாமல். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். ஃபேன் வேண்டாம். பெட்டிக்குள் ஒரு தட்டையான மூடியில் தினையும் இன்னொன்றில் தண்ணீரும் வைத்துவிட்டு மூடிவிடுங்கள்.

தானாகத் தின்கிறதா என்பதுதான் முக்கியம். விதையின் தோலை உரித்துப் போட்டிருந்தால் கவலை இல்லை. தின்னாமல் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு விடாமல் கத்தினால் அது இன்னும் தாய் ஊட்டும் வயசுக் குஞ்சு. பழக்கமில்லாதவர்கள் அதற்கு ஊட்டக் கூடாது. ஊட்டத் தெரிந்தவரிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே கொண்டுபோங்கள். பூனை வாய் பட்டிருந்தாலும் அப்படித்தான். காயம் கடுகளவு தெரிந்தாலும் பூனை எச்சில் பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் கொன்றுவிடும். காலை வரை காத்திருக்காதீர்கள்.

எங்களுடையதைக் காக்கைதான் கொத்தியிருந்தது. பெட்டி ஓட்டை வழியாக டார்ச் அடித்து நான் பார்த்ததே ஏழெட்டுத் தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சீறல். அந்த ஏழெட்டும் தப்பு.

மண்ணுத்திக்கு ஒரு பயணம்

இங்கே உள்ளூர் கால்நடை டாக்டர் நல்லவர். "எனக்கு மாடு தெரியும், கோழி தெரியும். இதுக்கு மண்ணுத்தி போங்க" என்று நேராகச் சொல்லிவிட்டார். திருச்சூர் பக்கத்தில் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஊசி போடுபவரை விட இப்படி வழி காட்டுபவர் எவ்வளவோ மேல். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். குதிரான் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மூச்சே கேட்கவில்லை. ஓட்டை வழியாகப் பார்த்தால் தலைக் கொண்டை, ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது. வெளிச்சம் வந்ததும் தணிந்தது.

டாக்டரிடம் போகும்போது அடித்துணியை மாற்றாமல் கொண்டுபோங்கள். எச்சம்தான் அவர்கள் முதலில் கேட்பது. நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு சுருள், அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிப்பார்கள். கிளியிடமிருந்து மனிதருக்கு ஒட்டும் நுரையீரல் காய்ச்சல் ஒன்றும் உண்டு. அதனால் முதல் மாதம் கூண்டைச் சுத்தம் செய்யும்போது துணியை நனைத்துத் துடையுங்கள், காய்ந்த எச்சத்தைச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள், கை கழுவுங்கள், முத்தம் வேண்டாம். வீட்டில் வேறு பறவை இருந்தால் புதுசை வேறு அறையில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் தனியாக வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கோழி இருந்தது. கோழியைத்தான் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம்.

அங்கே சொன்னது: வயசு மூன்று நான்கு மாதம், எலும்பு முறிவு இல்லை, எடை 74 கிராம். வளர்ந்த காக்டெயில் 80, 90, 100 என்று இருக்கும். வெட்டிய இறகு, பழசு உதிர்ந்து புதுசு முளைக்கும்போது, தானாக வந்துவிடும். ஆணா பெண்ணா என்று அப்போதுதான் தெரியும். குஞ்சில் எல்லாமே பார்க்கப் பெண் மாதிரிதான் இருக்கும்.

வரும் வழியில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்கினேன். இந்த விஷயத்தில் நான் செலவு செய்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். பறவை தன் நோயை மறைக்கும். உடம்பை உப்பவைத்து உட்காருவதற்குள் பாதிக் காரியம் கெட்டிருக்கும். எடை பொய் சொல்லாது. தினமும் காலையில், தீனிக்கு முன்னால், எடை போட்டு எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டர். என் அளவு நோட்டில் மார்பு 36, இடுப்பு 32 என்று எழுதியிருக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இன்னும் அந்த வரிசை இருக்கிறது: 74, 74, 73, 75, 77.

கூண்டு

கடைக்காரர் ஒருவர் கோபுரம் வைத்த வட்டக் கூண்டை என் தலையில் கட்டப் பார்த்தார். வட்டக் கூண்டு வேண்டவே வேண்டாம். ஒதுங்க மூலை இருக்காது. காக்டெயிலுக்கு நீளம், அகலம், உயரம் இரண்டிரண்டு அடியாவது வேண்டும். கம்பிக்கு நடுவில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம், தலை மாட்டிக்கொள்ளும். பெயின்ட் உரிந்த கம்பியும், மலிவான துத்தநாகப் பூச்சு உதிரும் கம்பியும் கொறித்தால் விஷம்.

கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றி எறியுங்கள். ஒரே கனத்தில் நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும். கொய்யாக் கிளை நல்லது, வேப்பங்கிளையும் நல்லது. மெல்லிசும் தடிசுமாக, பட்டையோடு, கழுவி வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். அரளி பக்கம் போகாதீர்கள், அது முழுக்க விஷம். எங்கள் பக்கம் முதலமடை மாந்தோப்புகளில் பூக்கும் காலத்தில் மருந்தடிப்பார்கள். அங்கிருந்து கிளை ஒடித்து வராதீர்கள். மார்கழி, தையில் காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் நான் ஜன்னலையும் சாத்திவிடுவேன்.

வைக்கும் இடம், ஆள் நடமாட்டம் தெரிகிற அறையில் ஒரு மூலை. இரண்டு பக்கம் சுவர், கூண்டின் மேலே பாதிக்குத் துணி. உட்கார்ந்த நம் கண் மட்டத்துக்கு இருந்தால் போதும். தரையில் வைத்தால் நாம் மேலிருந்து வரும் பருந்து. சமையலறை ஆகாது. நான்-ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் அந்தப் புகை நமக்குக் காய்ச்சல், கிளிக்கு மரணம். நிமிடக் கணக்கில் போய்விடும். இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டிலும் அதே பூச்சு இருக்கலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த அன்றைக்கே இஸ்திரி மேசையைப் பின்கட்டுக்கு மாற்றினேன். கொசுவத்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாமே அதோடு பின்கட்டுக்குப் போயின. மாமியாருக்கு அதில் வருத்தம்தான். சாமிக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

பார்க்காமல் இருப்பது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

முதல் மூன்று நாள் நான் செய்தது விருந்தாளி உபசரணை. கூண்டு முன்னால் முகத்தை வைத்து "வா சாமி, வா கண்ணு" என்று கொஞ்சல். பக்கத்து வீட்டுச் சேச்சி, அவர் மகன், பிளவுஸ் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், எல்லாருக்கும் காட்சி. சேச்சிதான் கன்னத்து வட்டத்தைப் பார்த்து "பொட்டு" என்று பேர் வைத்தார். அது தமிழிலும் பொட்டு, மலையாளத்திலும் பொட்டு என்பதால் இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போயிற்று. பொட்டுக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. கூண்டின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டே இருந்தது. கொண்டையைத் தலையோடு படிய வைத்துச் சீறியது. மூன்றாம் நாள் எடை 73.

நான்காம் நாள் எனக்குப் பார்க்க நேரமில்லை. ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினோரு பிளவுஸ் முடிக்க வேண்டியிருந்தது. மிஷினைக் கூண்டிலிருந்து ஆறேழு அடி தள்ளி, பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, காலை முதல் மாலை வரை தைத்தேன். ஒரு தடவை கூடக் கூண்டுப் பக்கம் முகம் திருப்பவில்லை. மதியம் மூன்று மணி இருக்கும். மிஷினை நிறுத்தி நூல் மாற்றும்போது ஒரு சத்தம் கேட்டது. அலகையும் அலகையும் தேய்க்கிற மாதிரி, மெதுவாகக் கரகரவென்று. ஓரக்கண்ணால் பார்த்தேன். கொய்யாக் கிளையில் ஒற்றைக் காலில் நின்று, கன்ன இறகை அலகு மேல் தள்ளி மூடிக்கொண்டு, கண் பாதி சொருகி இருந்தது. அலகைத் தேய்ப்பது தூங்கப் போகிற நிம்மதியில் செய்வது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கல்யாண வீட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நன்றி தோன்றும். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

பருந்தும் பூனையும் இரையை இரண்டு கண்ணாலும் நேராகப் பார்க்கும். கிளிக்குக் கண் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கிறது. நாம் அன்பாகத்தான் நேராகப் பார்க்கிறோம், அதற்குத் தின்ன வந்தவன் பார்வையாகத் தெரிகிறது. ஆகவே பக்கத்தில் இருங்கள், ஆனால் உங்கள் வேலையைப் பாருங்கள். பூ கட்டுங்கள், பருப்பு பொறுக்குங்கள், கணக்கு எழுதுங்கள். தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருங்கள். எழுந்திருக்கும் முன் "எந்திரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எழுங்கள். நான் இன்றைக்கும் சொல்கிறேன், வந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தினமும் மிஷினை ஒரு ஜாண் அளவு நகர்த்தினேன். கொண்டைதான் எனக்கு அளவுகோல். குத்திட்டு நின்றால் போதும், நிறுத்து. தலையோடு படிந்து சீறினால் நேற்றைய இடத்துக்குத் திரும்பு. பாதி சாய்ந்து சும்மா இருந்தால் சரி, இங்கே இருக்கலாம்.

ஒன்பதாம் நாள் கம்பி வழியாக ஒரு தினைக் கதிரை நீட்டினேன். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான். கை வலித்தது. ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாளும் இல்லை. பதினோராம் நாள் கதிரின் நுனியில் ஓர் இழுப்பு. மீன் தூண்டிலைத் தொடுகிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு. அப்புறம் இன்னொன்று. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளியை விரட்டினாள் என்று படித்தவள் நான், அதே கதிரைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கதிருக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன, நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வைத்தால் வாங்கித் தருகிறார்கள். ஆனால் கதிரைத் தட்டில் போட்டு வைக்காதீர்கள். அது உங்கள் கையிலிருந்து மட்டும் கிடைக்கட்டும்.

கைக்கு வர இன்னும் பதினோரு நாள் ஆயிற்று. விரலைப் பார்த்தாலே பின்வாங்கியது. பிடித்து இறகை வெட்டியது யாரோ ஒருவருடைய கைதானே. அதனால் என் மர ஸ்கேலை நீட்டினேன், துணி அளக்கிற ஓரடி ஸ்கேல். வயிற்றுக்குக் கீழே, காலுக்குச் சற்று மேலே, மெதுவாக ஒட்டி வைத்து "ஏறு" என்றேன். ஏறிற்று. ஆறாம் அங்குலத்தில் நின்றது. மறுபடி மறுபடி அதையே செய்து, ஒவ்வொரு நாளும் ஸ்கேலைப் பிடிக்கும் என் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டாம் நாள் ஒரு கால் ஸ்கேலில், ஒரு கால் என் ஆள்காட்டி விரலில். பாதம் அவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடித்தால் கத்தாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கூண்டைத் தட்டாதீர்கள். கடிக்க வைத்தது நம் அவசரம். கையில் பிடித்து இறுக்கி "பழக்குவது" ஒரு முறை என்று சிலர் சொல்வார்கள். மாட்டையே அப்படிப் பழக்க மாட்டோம்.

தீனி

கடையில் கலந்து தருவதில் பாதி சூரியகாந்தி விதை. அது நமக்கு முறுக்கு மாதிரி. அதையே பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தள்ளிவிடும், கொழுப்பு ஏறும். தினை, சாமை, கம்பு கலந்து கொடுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், வேகவைத்த பயறு, சோள முத்து. முதல் வாரம் பழகிய தீனியை மாற்ற வேண்டாம், பயத்தில் இருப்பது பட்டினி கிடந்துவிடும். பிறகு காலையில் பசியோடு இருக்கும்போது கீரை, அப்புறம் விதை. பொட்டு முருங்கைக்கீரையைப் பதினைந்து நாள் தொடவில்லை. நான் அதன் எதிரில் உட்கார்ந்து ஒரு இணுக்கை மென்று காட்டினேன், பச்சையாக. அப்புறம்தான் தின்றது.

சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேளுங்கள், கணவாய் மீனின் ஓடுதான் அது. பொடி வேண்டாம், முழு ஓடாக வாங்கிக் கம்பியில் செருகுங்கள். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், வெங்காயம், உப்பு, டீ, காபி எதுவும் கூடாது. பட்டர் ஃப்ரூட் உயிரையே வாங்கும். தண்ணீரைத் தினம் இரண்டு தடவை மாற்றுங்கள்.

குளிக்க, மதிய வெயில் நேரத்தில் ஒரு அகலத் தட்டில் அரை அங்குலத் தண்ணீர். துணிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயர் புதிதாக ஒன்று வாங்கி மேலே மழை மாதிரி தூவினால் இறக்கையை விரித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். சாயங்காலம் நனைக்காதீர்கள்.

ராத்திரி இரண்டு மணி

காக்டெயிலுக்கு இரவில் திடீர்ப் பயம் வரும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆவணியில் ஒரு நாள் மின்சாரம் போய் ஊரே இருட்டு. பல்லி ஏதாவது ஓடியிருக்கும். கூண்டு முழுக்க அடித்துப் புரண்டது. டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தால் வெள்ளைத் துணியெல்லாம் ரத்தத் துளி. புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், அது ஒடிந்தால் குழாய் திறந்த மாதிரி. துண்டால் போர்த்தி, நெஞ்சை அமுக்காமல் பிடித்துக்கொண்டு, ஒடிந்த இறகின் மேல் சோள மாவை வைத்துச் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்தினேன். நின்றது. நிற்காவிட்டால் விடியும் வரை பார்க்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும். அவ்வளவு சின்ன உடம்பில் ரத்தம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது.

அன்றிலிருந்து பேட்டரி விளக்கு ஒன்று மங்கலாக எரியும். கூண்டைத் துணியால் முழுக்க மூடுவதில்லை, ஒரு பக்கம் திறந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் அதற்கு வேண்டும். தீபாவளித் தையல் நேரத்தில் நான் இரவு மிஷின் ஓட்டினால் கூண்டை வேறு அறைக்குத் தூக்கிப் போய்விடுவார் வீட்டுக்காரர்.

வெளியே விடும் முன்னால் ஃபேனை நிறுத்துங்கள், ரெகுலேட்டரை நம்பாமல் ஸ்விட்சை அணையுங்கள். கண்ணாடி பீரோவுக்குத் துணி, வாளிக்கு மூடி. தையல் வீட்டில் இன்னும் ஒரு வேலை உண்டு. கீழே கிடக்கும் நூலைக் கூட்டி அள்ளுவது. ஒரு இழை காலில் சுற்றினால் கண்ணுக்குத் தெரியாமல் இறுகி விரலே போய்விடும். கொக்கி, குண்டூசி, பட்டன் எல்லாம் டப்பாவுக்குள். என் கடை இவ்வளவு சுத்தமாக முன்பு இருந்ததே இல்லை.

மார்கழியில் பழைய இறகு உதிர்ந்து, முகம் மஞ்சளாக மலர்ந்து, வாலடியில் இருந்த கோடுகள் மறைந்தன. பொட்டு ஆண். சேச்சி மகன் அன்றிலிருந்து "பொட்டன்" என்று கூப்பிடுகிறான். மலையாளத்தில் அதற்கு முட்டாள் என்று அர்த்தம். பொட்டு கோபித்துக்கொள்ளவில்லை, விசில் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஆண் காக்டெயில் பேசுவதை விட விசில்தான் நன்றாக அடிக்கும். அவசரப்பட்டு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். நான் நல்ல மெட்டாக ஒன்று பாடிக் காட்டினேன். அது எடுத்துக்கொண்டது, தினமும் காலையில் வண்டியில் வரும் மீன்காரரின் "கூ...ஊய்".

இப்போது அது கூவினால் தெருப் பூனைகள் மூன்றும் மீன் வந்துவிட்டதென்று ஓடிவந்து எங்கள் ஜன்னலடியில் உட்காருகின்றன. கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை ஆகிவிடக் கூடாதென்று ஜன்னலுக்கு இரட்டைக் கம்பிவலை அடித்திருக்கிறோம். வலைக்கு அந்தப் பக்கம் அவை காத்திருக்கின்றன, இந்தப் பக்கம் இவன் ஆறாம் அங்குலத்தில் நின்று இன்னொரு தடவை கூவுகிறான்.